தம்பியை மாற்ற நினைக்காத மனநல மருத்துவர் நெல்லைப் பக்கம் கிடைப்பாரா?

அம்பை அக்கா | ஜூன் 28, இரவு 11.40

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அதற்குமேல் துல்லியமாகச் சொன்னால் எங்கள் தெருக்காரர்கள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு 29 வயது, ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். கூடப் பிறந்தது ஒன்று, வயது 22. இதை எழுதும்போதே கை நிற்கிறது. பள்ளிச் சான்றிதழின்படி என் தங்கை. போன மாசியில் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் வடகத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, நான் உனக்குத் தங்கை இல்லை, தம்பி" என்று சொன்ன நாளிலிருந்து தம்பி. இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். வாய்க்கு இன்னும் பழகவில்லை, கைக்காவது பழகட்டும்.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப்போனார். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடமும் அவர் அம்மாவிடமே பேசினார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை விழுங்கிவிட்டுத் தம்பி பகலெல்லாம் தூங்கினான். பிறகு ஒரு கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆவணியில் பூ வைக்க ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்குப் பைத்தியம் இல்லையே, நான் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?" என்கிறான். நியாயம்தான். ஆனால் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, கல்லூரி முடிந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதும் இல்லை. அவனை மாற்ற முயலாமல் காது கொடுத்துக் கேட்கும் ஒருவர் வேண்டும். தமிழில் பேச வேண்டும். என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். யாருக்காவது தெரியுமா?

குறுக்குத்துறை | ஜூன் 29, காலை 6.15

சென்னைக்குக் கூட்டிப்போய்விடுங்கள் அக்கா. இந்த ஊரில் இது நடக்காது.

வல்லநாட்டு மான் | ஜூன் 29, காலை 7.02

சென்னை இருக்கட்டும். முதலில் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்பது போல அவன் ஏதாவது பேசியிருக்கிறானா? நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள், அப்படி வருவதில்லை. கேட்டால் பாரம்தான் குறையும். 14416 என்ற எண்ணை அவன் போனில் பதிந்து வையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எடுப்பவர் எல்லோரும் இந்த விஷயத்தில் தேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மனிதக் குரல் கிடைக்கும், அது போதும்.

ராதாபுரம் அண்ணாச்சி | ஜூன் 29, காலை 9.30

மனம் நோகாமல் சொல்கிறேன் தாயி. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தங்களை யாரென்றே தெரியாமல் போகிறது. கொஞ்சம் பொறுத்தால் தானாகத் தெளியும். அவசரப்பட்டு ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று இறங்கிவிட வேண்டாம்.

கண்ணாடி வளையல் | ஜூன் 29, காலை 10.11

அண்ணாச்சி, எனக்கு 52 வயது. நான் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வீட்டை விட்டு ஓடியது 1991 இல். அப்போது எங்கள் தெருவில் போன் இருந்ததே போஸ்ட் மாஸ்டர் வீட்டில் மட்டும்தான், அதுவும் சுற்றுகிற போன். அதைப் பார்த்து நான் திருநங்கையாகிவிட்டேன் என்றால் போஸ்ட் மாஸ்டரின் மூன்று பிள்ளைகளும் எனக்கு முன்பே ஆகியிருக்க வேண்டும்.

அக்காள் ஆபரேஷன் எங்கே என்று கேட்கவில்லை. பேச ஒரு ஆள் கேட்கிறாள்.

அம்மா, உனக்கு ஒன்று சொல்கிறேன். என்னை மாதிரி ஆட்களுக்கு ஜமாத் இருந்தது, திருநங்கைகள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் குடும்பம். அடியும் இருந்தது, கடனும் இருந்தது, ஆனால் "நீ இன்னார்தான்" என்று சொல்ல ஒரு நானி, அந்தக் குடும்பத்தில் பாட்டி முறை, இருந்தாள். அவள்தான் எனக்கு மருத்துவர். பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு திண்ணையைக்கூட நாங்கள் போட்டுவைக்கவில்லை. வீட்டை விட்டு ஓடினாலும் போய்ச்சேர இடமில்லை. அதனால்தான் அவன் அறைக்குள் கிடக்கிறான். நீ அவனுக்கு அக்காளாக இருக்கிறாயே, அது சின்ன விஷயம் இல்லை.

குற்றாலச் சாரல் | ஜூன் 29, பிற்பகல் 2.48

நான் திருநம்பி, அக்காவின் தம்பியைப் போலப் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன். ஊர் தென்காசிப் பக்கம், வேலை கோயம்புத்தூரில். மூன்று பேரைப் பார்த்து அலுத்த பிறகு நான்காவதாகத்தான் எனக்கு ஆள் அமைந்தது. அந்தக் கதையைச் சொன்னால் அக்காவுக்கு வண்டிச் செலவாவது மிஞ்சும்.

முதல் ஆள், அப்பா பாசம் காட்டாததால் நான் இப்படி ஆனதாகச் சொன்னார். என் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் குற்றாலம் முழுக்கச் சுற்றியவர். இரண்டாவது ஆள் வலிய வலியச் சிரித்தார், "உங்களைப் போன்றவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார், பிறகு ஒரு மணி நேரம் என்னையே கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்தார். வகுப்பெடுத்தவன் நான், 1,200 ரூபாய் கொடுத்தவனும் நான். மூன்றாவது ஆள்தான் வேடிக்கை. உட்கார்ந்து அரை மணி ஆவதற்குள், உடலை ஆணுடலாக மாற்றும் ஹார்மோன் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதட்டுமா என்றார். எனக்கு அப்போது கடிதம் தேவைப்படவில்லை. அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, கொள்ளி வைக்க என்னை விடவில்லை. அதைப் பேச வந்திருந்தேன். அவரை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

நான்காவது அம்மையார் வயதானவர், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். "எனக்கு இதில் அனுபவம் குறைவு. அடுத்த வாரத்துக்குள் படித்துக்கொண்டு வருகிறேன், அதுவரை உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசுவோமா?" என்றார். சொன்னபடியே படித்துவிட்டு வந்தார். இரண்டு வருடம் அவரிடம் போனேன்.

அதனால் நேரில் போகாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். உறவுக்காரப் பையனுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். பாலின அடையாளம் பற்றிப் பேச இதற்குமுன் யாராவது அவரிடம் வந்ததுண்டா, வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். "குணப்படுத்திவிடலாம்", "ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், நல்லது" என்று காதில் விழுந்தால் போனை வைத்துவிடலாம். 22 வயதுக்காரனுக்கு "முதலில் பெற்றோரைக் கூட்டிவாருங்கள்" என்றாலும் வைத்துவிடலாம். "பெண்மை கூடுவதற்கு ஊசி போடலாம்" என்றால் வைத்துவிட்டு அந்த எண்ணையும் அழித்துவிடுங்கள். "அதிகம் தெரியாது" என்று சொல்பவரை மட்டும் உடனே ஒதுக்க வேண்டாம்.

ஓரினம் என்று சென்னையில் இயங்கும் கூட்டமைப்பின் இணையதளத்தில் ஏற்போடு நடத்தும் ஆலோசகர்களின் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் தகவல் உண்டு. மும்பையில் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் பால்புதுமையினரை, அதாவது நம்மைப் போன்றவர்களையும் ஒரே பாலினத்தை விரும்புகிறவர்களையும், ஏற்போடு நடத்த ஆலோசகர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது. அதை முடித்தவரா என்றும் கேட்கலாம். தெற்கே அப்படிப்பட்டவர்கள் குறைவு, இணையவழியில் பேசலாம்.

குறுக்குத்துறை | ஜூன் 29, மாலை 4.20

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இணையவழிதான் சரி. ஊரில் மனநல மருத்துவர் வாசலில் நின்றாலே, வீட்டுக்கு வருவதற்குள் சித்திக்குச் செய்தி போயிருக்கும்.

அம்பை அக்கா | ஜூன் 29, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. மான் சொன்னபடி இன்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன், இப்போது இல்லை" என்றான். இருவரும் அழுதோம். எண்ணைப் பதிந்துவைத்திருக்கிறான், 'மளிகைக்கடை' என்ற பெயரில்.

இணையவழியில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் அறை என்று நான் சொன்னது அலமாரிக்குப் பின்னால் இருக்கும் இடத்தை. கதவு கிடையாது, திரைதான். அம்மா பத்தடியில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். அங்கே உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச முடியுமா? மொட்டை மாடியில் பேசினால் பக்கத்து மாடிக்குக் கேட்கும்.

குற்றாலச் சாரல் | ஜூன் 29, இரவு 10.31

அதைத்தான் சென்னைப் பக்கத்து ஆட்கள் யோசிப்பதில்லை. நான் ஆறு மாதம் அண்ணன் லோடு ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பேசினேன். வெயில் காலத்தில் வெந்துவிட்டேன்.

பாளை மனநலம் | ஜூன் 30, காலை 5.50

நான் மனநல மருத்துவன். பெயரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம்.

முதலில் அந்த மாத்திரை. என்ன மருந்து என்று சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில வகை மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தொந்தரவு வரும், வேறொரு மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். பாலின அடையாளத்தை மாற்றும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அது தேவைப்படலாம், படாமலும் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்த தவறு.

நாங்கள் படித்த காலத்தில் இதைக் கோளாறு என்றுதான் பாடம் நடத்தினார்கள். 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் அந்தப் பெயரைக் கைவிட்டு, இதனால் வரும் மனவேதனையை மட்டும் கணக்கில் எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், மனநோய்ப் பட்டியலிலிருந்தே இதை எடுத்துப் பாலியல் நலம் பற்றிய பகுதியில் வைத்துவிட்டது. உங்கள் தம்பி "எனக்குப் பைத்தியம் இல்லை" என்பது மருத்துவ நூலின்படியும் சரி.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் மருந்து எழுதலாம், பின்னால் தேவைப்பட்டால் கடிதமும் தரலாம். ஆனால் கூட்டம் அதிகம், நிதானமாகப் பேச நேரம் கிடைப்பது அரிது. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், உட்கார்ந்து பேசுவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வெறும் 'கவுன்சிலர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அவர்களில் தங்கமானவர்களும் உண்டு.

பணம் இல்லாவிட்டால் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள், எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரிக்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் திருநங்கை, திருநம்பி போன்ற திருநர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. எங்கே போனாலும் அன்றைக்கு நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அனுபவம். அதை மறைத்துப் பயனில்லை.

அண்ணாச்சிக்கும் ஒன்று. ஏற்போடு நடத்துவது என்றால் வருகிறவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. முடிவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல் கூடவே நடப்பது. "நீ ஆண்தான், கிளம்பு" என்று தள்ளுவதும் எங்கள் வேலையில்லை, "நீ பெண்தான், திரும்பு" என்று இழுப்பதும் இல்லை. சாரல் சொன்ன மூன்றாவது மருத்துவர் முதல் வகை.

வல்லநாட்டு மான் | ஜூன் 30, காலை 8.40

டாக்டர், பழைய பாடம் என்று எத்தனை நாள் சொல்வீர்கள்? சர்க்கரை நோய்க்கு 30 வருடத்துக்கு முந்தைய பாடத்தை வைத்து யாராவது மருந்து எழுதினால் விட்டுவிடுவோமா?

பாளை மனநலம் | ஜூன் 30, இரவு 9.12

விட மாட்டோம். ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்பு அங்கி | ஜூலை 1, காலை 7.30

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு விஷயம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தெரிந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடர்ந்த வழக்கு. பாலீர்ப்பையோ (யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை) பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அவர் தடை செய்தார், அப்படிச் செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 2022 இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனக்குப் பிடித்தது வேறு. தீர்ப்பு எழுதுவதற்கு முன், தனக்கு இது புரியவில்லை என்று அந்த நீதியரசரே வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அம்மாவிடம் பேசும்போது சட்டத்தைவிட இந்தக் கதை உதவும்.

இன்னொன்று இன்றைக்கே செய்ய வேண்டியது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14. வயது வந்த எவரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை, அதாவது மனநலச் சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக நிற்க ஒருவரை, வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதித் தம்பி கையெழுத்திட வேண்டும், பிரதிநிதியாக இருப்பவரும் தன் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். அவர் அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, நீங்களே இருக்கலாம். நாளைக்கு யாராவது அவனை வலுக்கட்டாயமாக எங்காவது சேர்க்கப் பார்த்தால் அந்தத் தாள் பேசும். ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவு சொல்கிறது.

ராதாபுரம் அண்ணாச்சி | ஜூலை 1, மாலை 6.45

வளையல் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு பெண் இருந்தாள், வேட்டி கட்டிக்கொண்டு பனையேறுவாள், எல்லோரும் அண்ணன் என்பார்கள். நாங்கள் அதைக் கேலி என்றுதான் நினைத்தோம். அவள் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

ஆவணியில் பூ வைப்பதை எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லையே? அந்த மாப்பிள்ளைப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

கண்ணாடி வளையல் | ஜூலை 1, இரவு 7.20

இது கேள்வி! வாருங்கள் அண்ணாச்சி, உட்காருங்கள்.

தாயி, நிறுத்து என்று அம்மாவிடம் மோதாதே. தள்ளிப்போடு. ஆடியில் எப்படியும் யாரும் அசைய மாட்டார்கள், ஒரு மாதம் இலவசமாகக் கிடைக்கிறது.

அம்பை அக்கா | ஜூலை 29, இரவு 11.15

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கடை அடைத்த பிறகு துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏழு பேருக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் குணப்படுத்தலாம் என்றார்கள். ஒருவர் "ஆதாரில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்றார். ஒருவர் எடுக்கவில்லை. ஐந்தாவது ஆள் நன்றாகப் பேசினார், ஆனால் ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய், என்னால் முடியாது. ஆறாவதாக ஒரு உளவியலாளர். நான் "என் தங்கை, இல்லை, தம்பி" என்று தடுமாறினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏழாவது ஆளுக்குச் சும்மா ஒரு ஒப்பீட்டுக்காகத்தான் அடித்தேன். கணக்கெழுதுகிற புத்தி.

ஆடி அமாவாசைக்கு வீட்டில் எல்லோரும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் குடில் போட்டுத் தங்கப் போனார்கள். தம்பிக்குக் காய்ச்சல் என்று சொல்லி நாங்கள் நின்றுகொண்டோம். அய்யனார் மன்னிக்கட்டும். பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனோம். 600 ரூபாய். வாசலில் பல் மருத்துவர் பலகையும் இருந்ததால் யார் பார்த்தாலும் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு நிம்மதி.

ஐம்பது நிமிடம் நான் வெளியே நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தான். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது "பசிக்கிறது அக்கா" என்றான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் மூன்று தோசை. நான்காவதை நான்தான் வேண்டாம் என்றேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அம்மாவும் நேற்று வந்தார், தனக்குத் தூக்கம் வராததைக் காட்டவென்று. அந்த உளவியலாளர் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அம்மாவின் தூக்கத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார். அப்பா போனபிறகு யாரும் அம்மாவிடம் அதைக் கேட்டதில்லை. கிளம்பும்போது, "மகள், மகன் என்று இப்போதே எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளை என்று சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டாராம்.

அம்மா எதையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். கயிறு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம், உடம்பு தேறட்டும், தையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இன்று மதியம் கடைக்குப் போன் செய்து, "பிள்ளை காலையில் சாப்பிட்டதா, நீ பார்த்தாயா?" என்று கேட்டார்.

பாளை மனநலம் | ஜூலை 30, காலை 5.40

மாத்திரை என்ன ஆயிற்று?

அம்பை அக்கா | ஜூலை 30, காலை 8.10

வட்ட மருத்துவமனைக்கு வந்த மனநல மருத்துவரிடம் சீட்டைக் காட்டினோம் டாக்டர். படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். ஓ.பி. சீட்டில் கணினி அடித்த பழைய பெயருக்குப் பக்கத்தில் தம்பி சொன்ன பெயரைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை அவன் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறான்.

குற்றாலச் சாரல் | ஜூலை 30, காலை 9.02

அக்கா, அந்த ஆறாவது எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, எனக்குத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? சங்கரன்கோவிலில் ஒரு தம்பி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.